கஞ்சிக்கு உப்புப் பார்க்கும் வீரசிங்கம்

கொத்தமல்லியை உள்ளங்கை நிறைய அள்ளி, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கிப் பார்க்கிறார் வீரசிங்கம். வெளியே வீதியில் கட்டுகஸ்தோட்டை பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. அவருக்கு அது கேட்பதில்லை. "நல்லாக் காஞ்சது சலசலன்னு பேசும். ஈரம் இருந்தா உம்முன்னு இருக்கும். இது இன்னும் பேசலீங்க, திருப்பிக் கொண்டு போங்க" என்று மூட்டை கொண்டுவந்த லொறிக்காரரிடம் சொல்கிறார். லொறிக்காரர் என்னைப் பார்க்கிறார். நான் என்ன செய்ய? பக்கத்துக் கடையில் போட்டோகொப்பி எடுத்துப் பிழைக்கிறவன். என்னிடம் கொத்தமல்லி ஒருநாளும் பேசியதில்லை.

அறுபதைத் தாண்டிய குள்ளமான மனிதர். காது இரண்டும் கொஞ்சம் பெரிது. நெற்றியில் விபூதி, முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எந்நேரமும் நாலைந்து கராம்பு. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இளவட்டத்தில் கண்டிக்கு வந்து, யாரோ ஒருவரின் கடையில் மூட்டை தைத்து, பிறகு சொந்தமாகப் போட்ட பலசரக்குக் கடை இது. அந்தக் கதையைக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். ஏலக்காயைப் பற்றிக் கேளுங்கள், கடை பூட்டும்வரை பேசுவார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த ஏலக்காயை நகத்தால் கீறி மூக்கில் வைத்து, "இது மழைக்கு முந்திப் பறிச்சது" என்பார். ஆமாம், மழையே வந்து இவர் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த ஏலக்காயைத் தட்டிப் போட்ட தேநீரைக் குடித்த பிறகு சிரிப்பு வராது.

புலன்களைப் பற்றி அவருக்கு ஒரு சொந்தச் சித்தாந்தம் உண்டு. சாமான் வாங்க வருகிறவர் அவசரத்தில் இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். "கண்ணு பேராசக்காரன் தம்பி, பளபளன்னு இருந்தா மயங்கிரும். காது சோம்பேறி, கூப்பிட்டாத்தான் வரும். மூக்கு கோள்மூட்டி, ஆனா பொய் சொல்லாது. நாக்கு ஒன்னுதான் நீதிபதி. அதுகிட்ட லஞ்சம் செல்லாது." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு கராம்பை எடுத்து முன்பல்லால் கடிப்பார். காலையில் கடை திறந்ததும் கராம்பு, பிறகு மிளகு, பிறகு செத்தல் மிளகாயின் ஒரே ஒரு விதை. நீதிமன்றம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு வழக்கமும் சொல்லவேண்டும். விடியற்காலையில் வாவியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, வெங்காயம், பருப்பு விலை எழுதும் கரும்பலகையின் அடியில், அன்று கண்ணில் பட்டதைச் சோக்கட்டியால் வரைவார். நீர்க்காகம், கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு, கரையோரத்து மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால், சிவப்பாய்ப் பூக்கும் எறபது மரத்தின் முதல் பூ. வரைவார் என்று சொன்னேனே தவிர, வந்திருப்பது என்ன என்பதை நாம்தான் ஊகிக்கவேண்டும். ஒருநாள் கபரகொய்யாவைப் பார்த்து நான் "முருங்கைக்காயா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "படம் நல்லா வரணும்னு யாரு சொன்னா? பார்த்தேன்னு சொல்லணும், அவ்வளவுதான். பார்க்காம ஒரு நாளு போகக்கூடாது தம்பி" என்றார். அன்று முழுவதும் வருகிறவர்களிடமெல்லாம் என் முருங்கைக்காயைச் சொல்லிச் சிரித்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வருடத்தில் ஒரு மாதம் ஓர் உத்தியோகம் உண்டு. சம்பளம் இல்லை, பதவிப் பெயர் இல்லை. எதிரே பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பவர் இவர்தான்.

பள்ளிவாசலின் பின்பக்கத்தில், குறுகலான ஒழுங்கையைப் பார்த்த சின்னக் கதவுக்கு உள்ளே தகரக் கொட்டகை. அங்கே பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுகிறவர் மக்கீன் நானா. நெட்டை மனிதர், பேச்சு குறைவு, சிரித்தால் முகம் முழுதும் சிரிக்கும். முந்நூறு பேருக்குக் கஞ்சி வேகவேண்டும், காய்ச்சுகிறவரோ நோன்பாளி. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மக்கீன் நானா அதற்குச் சம்மதிக்கமாட்டார். "நாக்கு துப்பிரும் தம்பி. மனசு முழுங்கிருமே" என்பார். அதனால் பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் கதவருகே வந்து நின்று, வீதிக்கு இப்பால் கேட்கும்படி ஒரே ஒரு தடவை கூப்பிடுவார்: "மொதலாளி, உப்புப் பாருங்கொ!"

வீரசிங்கம் கல்லாவை அப்படியே போட்டுவிட்டுப் போவார். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றுவார். ஒரு சின்னக் கோப்பையில் கஞ்சி வரும். இறைச்சி அதுவரை வேறு சட்டியில் தனியாக வேகும். அவர் பார்த்து முடித்த பிறகுதான் அண்டாவில் சேரும். மாட்டிறைச்சி சாப்பிடாத வீரசிங்கத்துக்காக மக்கீன் நானா செய்துகொண்ட ஏற்பாடு அது. இவரும் சும்மா இல்லை. நோன்பு மாதம் முழுக்க மத்தியானத்துக்குப் பிறகு வெற்றிலை போடமாட்டார், கராம்பு கடிக்கமாட்டார், பால் சேராத பிளேன்டிகூடக் குடிக்கமாட்டார். நாக்கைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு கூப்பாட்டுக்குக் காத்திருப்பார். "அவங்களுக்கு விடியக்காலையில தொடங்குது. எனக்கு மத்தியானச் சோத்தோட தொடங்குது" என்பார் பெருமையாக.

கோப்பையை ஊதி, ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடுவார். கொஞ்சநேரம் அப்படியே நிற்பார். பிறகு தீர்ப்பு. தலையை அசைத்தால் போதும் என்று அர்த்தம். கையை விரித்து ஆட்டினால் தண்ணீர் ஊற்றவேண்டும். உள்ளங்கையைக் குவித்து நீட்டினால் இன்னும் ஒரு கை உப்பு. வாயால் எதுவும் சொல்லமாட்டார். நாள் முழுக்கப் பேசுகிற மனிதர் அங்கே மட்டும் ஊமை.

இந்த வருடம் நோன்புக்குச் சில நாள் இருக்கும்போது வீரசிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தார், எழும்பினார், கடைக்கும் வந்துவிட்டார். மறுநாள் அவருடைய மனைவி கஜலட்சுமி அக்கா ஒரு தாளைக் கொப்பி எடுக்க வந்தவர், தாளை நீட்டாமலே நின்றார். "தம்பி, இந்த மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சு. நேத்து சாம்பாருக்கு உப்புப் போட மறந்துட்டேன். ஒரு சொல்லு சொல்லாமச் சாப்பிட்டுட்டு எழும்பிப் போறாரு. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து குத்தம் சொல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல. எனக்குப் பயமா இருக்கு தம்பி."

எனக்கும் அன்று காலையே ஒரு சந்தேகம் வந்திருந்தது. பலகையில் ஒரு கொக்கு இருந்தது. பார்த்த மாத்திரத்திலேயே கொக்கு என்று தெரிந்தது. கழுத்து வளைவு, ஒற்றைக் கால், அலகு எல்லாம் அந்தந்த இடத்தில். இவருக்கு உடம்பு சரியில்லை என்று அப்போதே நினைத்தேன்.

அன்று சாயந்தரம் கேட்டேன். கராம்பை எடுத்துக் கடித்துக் காட்டினார். "மரத்தூள் தம்பி. மிளகும் மரத்தூள். டொக்டர் சொல்றாரு, மெதுவாத்தான் திரும்புமாம், பொறுத்திருக்கணுமாம். எனக்குச் சரி. நோன்பு பொறுக்குமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானாகிட்டச் சொல்லிறாதீங்க. ஒரு வருசம் நான் போகலன்னா வேற யாரையாவது பழக்கிருவாங்க. அடுத்த வருசம் எனக்கு அந்தக் கதவு இல்ல." கடைக்கு ஆள் வந்தது. பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

நாக்கு போன பிறகு அவருக்கு மற்ற எல்லாம் கூர்மையாகிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். ஹந்தானை மலையில் மேகம் இறங்கி ஏறுவதைக் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வாழை இலையில் விழும் தூறலுக்கும் தகரத்தில் விழும் தூறலுக்கும் நடுவில் பலா இலைக்கு ஒரு சத்தம் இருக்கிறதாம். அதை எனக்குக் கேட்கவைக்க வாசலில் நிறுத்திப் பாடுபட்டார். பலகையில் தினமும் பறவைகள் பறவைகளாகவே வந்தன. வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். மெச்சும்போதெல்லாம் அவர் முகம் வாடியது. "நீதிபதி லீவுல போயிட்டாரு. குமாஸ்தாமாரு கோட்டு நடத்துறாங்க" என்றார் என்னிடம்.

நோன்பு பிறந்தது. முதல் நாள் அஸருக்குப் பிறகு கூப்பாடு கேட்டதும் வீரசிங்கம் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது நெற்றி வேர்த்திருந்தது. "சூடு தெரிஞ்சுச்சு. தேங்காப்பாலு வழவழன்னு போறது தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல ஒன்னும் இல்ல. தலைய ஆட்டிட்டேன்." அன்றைய கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. மக்கீன் நானாவின் கை அப்படி. அடுத்த நாளும் தலையாட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சனியன் பிடித்த தலை, ஆட ஆரம்பித்தால் நிற்காது.

அந்த வாரம் ஒரு பின்னேரம், மக்கீன் நானா உப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது விறகு லொறி வந்து கதவை மறித்து நின்றது. போய் விறகை இறக்குவித்துவிட்டு வந்தார். நோன்பு பிடித்த உடம்பு. அந்த நேரத்தில் போட்டதும் போடாததும் நினைவில் நிற்பதில்லை. இன்னொரு தடவை போட்டார். போட்ட பிறகு சந்தேகம் வந்தது. வீரசிங்கத்தைக் கூப்பிட்டு, "இன்டெக்கி மட்டும் நல்லாப் பாருங்கொ மொதலாளி, எனக்கு ஒரு தடுமாற்றம் ஈக்கி" என்றார். வீரசிங்கம் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார். தலையை ஆட்டினார்.

உணவில் குறை சொல்வது அவர்களிடம் பண்பில்லை. முந்நூறு பேரும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, அந்தக் கஞ்சியை மரியாதையாகக் குடித்துவைத்தார்கள். இரவுத் தொழுகைக்கு நடுவில் தண்ணீர்க் குழாயடியில்தான் கூட்டமாம். மறுநாள் காலை சீனி வாங்க வந்த த்ரீவீல் ஓட்டும் ஹபீல், பாவம், ஒன்றும் தெரியாமல் கேட்டுவிட்டார்: "என்ன மொதலாளி, நேத்து கஞ்சி மகாவலித் தண்ணியில காச்சினதா, திருகோணமலக் கடலில காச்சினதா?"

சீனியைச் சரித்துக்கொண்டிருந்த வீரசிங்கத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. தராசில் சீனி கொட்டிக்கொண்டே போனது. ஹபீலும் நானும் "போதும், போதும்" என்று கத்தினோம்.

அன்று கூப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. தானே போனார். எனக்கு மனம் கேட்கவில்லை, பின்னாலே போனேன். செருப்பைக் கழற்றாமல் கதவுக்கு வெளியிலேயே நின்று சொன்னார்: "நானா, என் நாக்கு செத்துப் போச்சு. நோன்புக்கு முந்தியே போயிருச்சு. உங்களுக்குச் சொல்லாம இருந்துட்டேன்."

மக்கீன் நானா அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவைத்தார். "எனக்கு மொத நாளே தெரியும் மொதலாளி."

"எப்படித் தெரியும்?"

"நீங்க கோப்பையில வாய வெச்சாக் கண்ண மூடுவீங்க. இந்த முற மூடல்ல. கண்ணத் தொறந்து என்ட மொகத்தையே பாத்துக்கொண்டு நின்டீங்க. நாக்கில கெடைக்காதத என்ட மொகத்தில தேடினீங்க."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடாம விட்டா நீங்க வரமாட்டீங்களே."

 வீரசிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. "என் மேல இரக்கப்பட்டு ஊருக்கே உப்புத் தண்ணி குடுத்தீங்களா? காலையில இருந்து பச்சைத் தண்ணி படாத வாயி நானா! நான் பயத்துல பொய் சொன்னேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?" "நேத்தாவது நாக்கு திரும்பியீக்கும்ன்டு நெனச்சேன்" என்றார் மக்கீன் நானா. தலையைக் குனிந்துகொண்டார். வீரசிங்கம் திரும்பி வந்து, கடையில் உட்கார்ந்து, அந்த நேரத்தில், பின்னேரம் நாலு மணிக்கு, ஒரு பிளேன்டி வரவழைத்துக் குடித்தார். ருசி தெரியாத பிளேன்டி. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

பிறகு அவர் போகவில்லை. மக்கீன் நானா கூப்பிடவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கிற நேரத்தில் வழக்கம்போல் வீரசிங்கத்தின் வீட்டுப் பங்கு, இறைச்சி சேராத கஞ்சி, மூடிபோட்ட ஏனத்தில் கடைக்கு வந்தது. இவரும் ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கம்போல் ஒரு பிடி ஏலக்காய் போட்டே அனுப்பினார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வாசல்களுக்கு நடுவில் ஏனம் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

இடையில் உப்புப் பார்க்க என்னையும் அழைத்துப் பார்த்தார்கள் என்பதை மறைப்பானேன். கோப்பையைக் கையில் வாங்கியதும் அண்டா முழுவதும் என்னையே பார்ப்பதுபோல் ஒரு பயம். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். எனக்கு எதைத் தந்தாலும் நல்லாத்தான் இருக்கும். வீட்டில் இதற்காகவே என்னைப் பாராட்டுவார்கள். மக்கீன் நானா உப்புக் கூடிப்போன பயத்தில் கையை இறுக்கிவிட்டிருந்தார், நான் அதற்குத் தலையாட்டிவிட்டேன். அன்று கஞ்சி சப்பென்று இருந்தது என்று ஹபீல் வந்து சொன்னார். இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற கஜலட்சுமி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கடைக்குள் போய்ப் புருஷன் முன்னால் நின்றார். நான் என் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ரெண்டு ஆம்பளைங்களும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருங்க. நடுவுல அந்தச் சனம் உப்பில்லாமக் குடிக்குது."

"எனக்கு நாக்கு இல்லையே, நான் போய் என்ன செய்ய?"

"உங்க நாக்கு எங்க படிச்சுச்சு? என் அடுப்புலதானே? புசல்லாவையில இருந்து வந்தப்போ ரொட்டிக்கும் சம்பலுக்கும் மேல என்னா தெரியும் உங்களுக்கு? நான் பார்க்கிறேன் உப்பு. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து நானும் பிளேன்டி குடிக்கல."

வீரசிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடமும் கஞ்சி மாதம் வந்தால் நாக்கைப் பற்றி வீட்டில் பெருமையடித்த மனிதர் அல்லவா?  பிறகு, "அப்ப நீங்களே போயிட்டு வாங்களேன்" என்றார். கோபம் வந்தால் மனைவிக்கு மரியாதை கொடுப்பது அவர் வழக்கம்.

"நீங்க இல்லாம நான் தனியாப் போய் எப்படி நிக்கிறது? எழும்புங்க."

அஸர் முடிந்தது. அன்று லேசான வெயில்; எறபது பூத்த மரத்தில் கிளிகள் சத்தம் போட்டன. ஒழுங்கைக் கதவுக்கு வெளியே இருவரும் போய் நின்றார்கள். வீரசிங்கம் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து அக்காவும் கழற்றினார். நான் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக நின்றேன்.

மக்கீன் நானா அவர்களைக் கண்டதும் அகப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். வீரசிங்கம்தான் முதலில் பேசினார். "நானா, எங்க வீட்டு அம்மா உப்புப் பார்க்க வந்திருக்காங்க. நாக்குத் திரும்புற வரைக்கும் இவங்க." நானாவின் முகம் முழுதும் சிரிப்பு விரிந்தது. "வாங்கொ தாத்தா, வாங்கொ" என்றார். தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

சின்னக் கோப்பையில் கஞ்சி வந்தது. கஜலட்சுமி அக்கா கை நீட்டினார். ஆனால் மக்கீன் நானா கோப்பையை வழக்கமாகக் கொடுக்கும் கையில்தான் கொடுத்தார். வீரசிங்கம் இரண்டு கையாலும் வாங்கினார். ஆவி முகத்தில் பட, ஊதி ஊதி ஆறவைத்தார். பதமாக ஆறியதும் மனைவியிடம் நீட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஒரு மிடறு எடுத்தார். அவர் கண்ணை மூடவில்லை. அண்டாவையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டவர் வீரசிங்கம். பக்கத்தில் கைகட்டி நின்று, கண்ணை இறுக்க மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னும் ஒரு கை போடணும்" என்றார் அக்கா, மெதுவாக, கணவருக்கு மட்டும் கேட்கும்படி.

கண்ணைத் திறக்காமலேயே வீரசிங்கம் வலது உள்ளங்கையைக் குவித்து மக்கீன் நானாவின் பக்கம் நீட்டினார்.